பேர் போட விட்ட இடம்

1

நான் இருக்கும் ஊரின் நூலகச் சுவரில் என் படங்கள் பதினேழு தொங்குகின்றன. ஸ்வீடன் நாட்டில் கோத்தன்பர்க் என்று வரைபடத்தில் பார்த்தால் தெரியும். இங்கே உள்ளவர்கள் வாயில் அது யோத்தெபோரி. வந்த புதிதில் நான் கோத்தன்பர்க் என்று அழுத்தித் திருத்தமாகச் சொன்னால், எந்த நாட்டுக்கு வழி கேட்கிறாள் இவள் என்பது போலப் பார்ப்பார்கள். ஒன்பது வருடம் ஆகிவிட்டது. இப்போதும் அந்தப் பெயரைச் சொல்வதற்கு முன்னால் ஒரு நொடி நின்றுதான் சொல்கிறேன்.

படங்கள் எல்லாம் இந்த ஊர்ப் படங்கள்தான். டிராம் நிறுத்தம், துறைமுகத்துப் பாரந்தூக்கி, மழையில் நனைந்த பாறை, குளிருக்கு மூடிப்போட்ட ஐஸ்கிரீம் கடை. கறுப்புப் பேனா, கொஞ்சம் தண்ணீர்க் கலர். போட்டோக்களைப் பார்த்த சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப்பில் கை தட்டினார்கள். "சந்தோசமா இருக்கீகளா மதினி?" என்று ஒருத்தி கேட்டிருந்தாள். என்ன பதில் எழுத? கண்காட்சி திறந்த அன்று எல்லோரும் காபிக் கோப்பையோடு என் படங்களைச் சுற்றி வந்தார்கள். காபியில் சர்க்கரை போதவில்லையே என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். சத்தியமாக அதுதான் நினைப்பு.

போன ஐப்பசியிலிருந்தே எனக்கு இப்படித்தான். நல்லதும் ஏறுவதில்லை, கெட்டதும் ஏறுவதில்லை. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், வேலைக்குப் போகிறேன். ஊரில் உள்ளவர்கள் படிப்பதற்காக இதை எழுதுகிறேன் என்றாலும் ஒரே ஒரு ஆள் படித்தால் போதும். அது என் அண்ணன் காளிராஜ். சிவகாசியில் காலண்டர் அடிக்கும் அச்சகம் ஒன்றில் மெஷின்மேன். ஒரு வருடம் முழுக்க அவன் என்னிடம் பேசவில்லை. அந்த ஒரு வருடத்தில் எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். அவன் பேச வேண்டும். திட்டினாலும் சரி, பேச வேண்டும்.

2

போன தீபாவளி முடிந்து ஒன்பதாம் நாள் அண்ணன் போன் செய்தான்.

"அம்மா போயிருச்சுத்தா."

சர்க்கரை, அப்புறம் கிட்னி. எதிர்பார்த்ததுதான். எதிர்பார்த்ததால் லேசாகிவிடும் என்று சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்காது.

"எப்ப வாரே?" என்றான்.

எங்கள் குடியிருப்பு அட்டை அப்போது காலாவதியாகியிருந்தது. புதுப்பிக்க எழுதிப் போட்டு ஐந்து மாதம், பதில் இல்லை. அட்டை கையில் இல்லாமல் நாட்டை விட்டுக் கிளம்பலாம். திரும்பி உள்ளே வர முடியாது. வீட்டுக்காரர் இங்கே லாரி செய்கிற கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறார். மகள் நிலா அப்போது எட்டாம் வகுப்பு.

"கார்டு முடிஞ்சிருச்சுண்ணே. புதுசு இன்னும் வரல. கெளம்புனா திரும்பி விட மாட்டாங்க."

அண்ணனுக்குப் பின்னால் யாரோ நாற்காலிகளை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது.

"ஐஸ் பெட்டிக்குச் சொல்லியிருக்கேன். நாளான்னைக்கு மத்தியானம் வரைக்கும் வச்சிருப்பேன். கேட்டுப் பாத்துச் சொல்லு."

"கேக்குறதுக்கு என்னண்ணே இருக்கு? முடியாதுன்னுதான் சொல்றேன்ல."

"அப்ப சரி. நீ அங்கனயே இரு."

போனை வைத்துவிட்டான்.

இனிமேல் சொல்லப்போவதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று நாலு நாளாகப் பார்த்தேன். கேட்பதற்கு ஒரு வழி இருந்தது. வீட்டுக்காரர் அன்று மாலையே கண்டுபிடித்துச் சொன்னார். சாவு என்று காரணம் காட்டி, திரும்பி வர ஒரு தற்காலிக அனுமதி கேட்கலாம். கொடுத்தாலும் கொடுப்பார்கள், மறுத்தாலும் மறுப்பார்கள். "கேட்டுப் பாப்போமே ஈஸ்வரி" என்றார். நான் வேண்டாம் என்றேன். போய்விட்டு அந்தப் பக்கமே மாட்டிக்கொண்டால் நிலா என்ன செய்வாள்? இவர் என்ன செய்வார்? நம் காகிதத்தை எவனாவது எடுத்து ஓரத்தில் போட்டுவிட்டால்? அந்த அலுவலகத்தின் எண்ணை அமுக்குவதற்கே எனக்குப் பயம். மறுத்திருந்தால் பழி அவர்கள் மேல் போயிருக்கும். நான் கேட்கவே இல்லை.

அம்மாவை எடுக்கிறபோது பெரியப்பா மகன் ஒருவன் வீடியோ காலில் காட்டினான். நிறைய முதுகுகள் தெரிந்தன. பூமாலை தெரிந்தது. அம்மா தெரியவில்லை. அன்று மத்தியானம் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடச் சமையலறையில் முந்நூறு தட்டுக் கழுவி அடுக்கினேன். அழவில்லை.

கருமாதி முடிந்து சில நாளில் புது அட்டை தபாலில் வந்தது. அதைச் சில்லறை போடுகிற டப்பாவில் போட்டு வைத்தேன். அண்ணனுக்கு எத்தனையோ தடவை போன் அடித்தேன். எடுக்க மாட்டான். மதினிதான் எடுப்பாள். "அவுக லோடு ஏத்திக்கிட்டு இருக்காக" என்பாள். வருடம் பூராவும் காலையும் மாலையும் லோடு ஏற்றுகிற கம்பெனி எது என்று நானும் கேட்கவில்லை. பாவம், அவளும் என்ன சொல்வாள்.

3

சமையலறை வேலை இரண்டரைக்கு முடியும். நேராக வீட்டுக்கு வந்தால் மூன்று மணிக்கு வெறும் வீடு. நிலா பள்ளி முடிந்து கைப்பந்து ஆடிவிட்டு ஆறுக்குத்தான் வருவாள். ஒரு நாள் என் நிறுத்தத்தில் இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். இறங்கக் கூடாது என்று முடிவு செய்ததெல்லாம் இல்லை. எழுந்திருக்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். டிராம் கடலோரத்தில் போய் முடிந்தது. ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். இறங்கினேன். எதிரே பாறையும் கடலும் இருந்தன, இரண்டும் ஒரே சாம்பல் நிறம்.

பையில் நிலா பாதி எழுதிப் போட்டுவிட்ட கணக்கு நோட்டு இருந்தது. சாமான் வாங்க வேண்டியதை எழுதுவதற்காக வைத்திருந்தேன். பேனாவை எடுத்து அந்த நிறுத்தத்தை வரைந்தேன். கூரை, பெஞ்சு, நேர அட்டவணை தொங்கும் கம்பம். மறுநாள் வேறு டிராம், வேறு கடைசி நிறுத்தம். வடக்கே ஒன்று அடுக்குமாடிகளுக்கு நடுவில் முடியும். ஒன்று ஆஸ்பத்திரிக்குப் பின்னால் முடியும். கண்ட கண்ட இடத்தில் இறங்கி நடந்து, கை விறைக்கும் வரை வரைவேன். கை விறைத்தபின் நூலகத்துக்குள் போய் வெப்பக் குழாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து மிச்சத்தை முடிப்பேன். அழகு என்று வரையவில்லை. வரைகிற நேரத்தில் கைக்கு வேலை இருந்தது.

ஆட்களை வரையவில்லை. நிறுத்தத்தில் பத்துப் பேர் நிற்பார்கள், நான் நிறுத்தத்தை மட்டும் வரைவேன். முகம் வரைய ஆரம்பித்தால் ஏதாவது ஒரு முகம் வந்துவிடும் என்று பயம் இருந்திருக்கும். அப்போது அப்படியெல்லாம் யோசிக்கவில்லை.

வெப்பக் குழாய்க்குப் பக்கத்தில் உட்காரும் என்னை நூலகப் பெண் அனிக்கா மூன்று மாதம் பார்த்திருக்கிறாள். ஒரு நாள் பக்கத்தில் வந்து நோட்டைக் கேட்டாள். முதல் பக்கத்திலிருந்து மெதுவாகப் புரட்டினாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். கட்டம் போட்ட தாள் என்று நான் கூச்சப்பட்டேன். அவளுக்கு அந்தக் கட்டமும் பிடித்திருந்தது. இவர்களுக்கு எது பிடிக்கும் என்று ஒன்பது வருடமாக எனக்குப் பிடிபடவில்லை.

4

கண்காட்சிக்கு இரண்டு நாள் முன்பு, படங்களுக்குப் பக்கத்தில் ஒட்ட ஒரு பக்கம் எழுதி எடுத்து வந்தாள் அனிக்கா. என் ஸ்வீடிஷ் மொழி சமையலறை மொழி. தட்டு, சூடு, போதும், வரிசையில் நில், இதுதான் சரக்கு. அதனால் நிலாவைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அவள் வாசித்துச் சொன்னாள்.

"அம்மா, எல்லாப் படத்துலயும் கீழ வெறும் இடம் இருக்குல்ல. அது நீ விட்டுட்டு வந்த நாடாம். நீ இழந்ததாம். அதான் அங்க ஒண்ணுமே இல்லையாம்."

வெறும் இடமா? சுவரில் சாய்த்து வைத்திருந்த படங்களைப் போய்ப் பார்த்தேன். பதினேழிலும் கீழே மூன்றில் ஒரு பங்கு வெள்ளை. பாரந்தூக்கி பாதியில் நிற்கிறது. பாறை பாதியில் நிற்கிறது. டிராமுக்குச் சக்கரமே இல்லை. ஒரு வருடமாக வரைந்தவள் நான். அதுவரை அது என் கண்ணில் படவே இல்லை.

அடக் கடவுளே, பேர் போடுகிற இடம்!

கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாகப் பன்னிரண்டு வருடம் சிவகாசியில் டிசைன் செக்சனில் இருந்தேன். அண்ணன்தான் அவனுடைய அச்சகத்தில் சேர்த்துவிட்டான். சாமி படம், குழந்தை படம், அப்புறம் சீனரி. சீனரி என்றால் வெளிநாடு. பனிமலை, ஏரி, சிவப்பு ஓட்டு வீடு, ஒரு டிராம். சாத்தூரைத் தாண்டாத நான் எத்தனை ஐரோப்பாவை உண்டாக்கியிருப்பேன்! எது வரைந்தாலும் கீழே மூன்றில் ஒரு பங்கை விட்டுவிட வேண்டும். அங்கேதான் கடைப் பெயர் வரும். ஆடிப் பதினெட்டுக்குப் புது மாதிரி ஆல்பம் போட்டதும் ஆர்டர் கொடுக்க வெளியூர் வியாபாரிகள் வருவார்கள். படத்தை ஒருத்தரும் பார்க்க மாட்டார்கள். கட்டைவிரலை வைத்து அடியிலே அளப்பார்கள். பலசரக்கு மொத்த வியாபாரம், உரிமையாளர் பெயர், அவர் மகன் பெயர், இரண்டு போன் நம்பர், பேருந்து நிலையம் எதிரில். இம்புட்டும் அடங்குமா?

ஒரு தடவை நீர்வீழ்ச்சி ஆசையில் அடிவரைக்கும் தண்ணீரை விட்டுவிட்டேன். மேனேஜர் அண்ணாச்சி தாளை மேசையில் போட்டார். "ஏம்மா, கடைக்காரரு படத்துக்காகவா காலண்டர் அடிக்காரு? பேருக்காக அடிக்காரு. தண்ணிய மேலயே நிப்பாட்டு" என்றார். அன்றிலிருந்து என் கை கோட்டைத் தாண்டியதில்லை.

இதை அனிக்காவிடம் சொல்ல நினைத்தேன். இருந்த சொற்களை வைத்துக் கடை, பெயர், கீழே என்று கைகாட்டினேன். படங்களை விற்க விருப்பமா, விலைச் சீட்டு ஒட்டட்டுமா என்று கேட்டாள் அவள். நிலாவைப் பார்த்தேன்.

"நீயே சொல்லு. கடைக்காரர் பேர் போட விடுற இடம்னு சொல்லு."

நிலா மாட்டேன் என்று தலையாட்டினாள். "வேண்டாம்மா. அவங்க எழுதினது அழகா இருக்கு. கடைப் பேருக்குன்னு சொன்னா சிரிப்பாங்க."

"சிரிச்சா சிரிக்கட்டும். நெசம் அதானே?"

"அது உன் ஊர் நெசம்மா."

பதினான்கு வயதுப் பிள்ளை. என் ஊர் என்கிறாள், நம் ஊர் என்று அவளுக்கு வரவில்லை. அவளைச் சொல்லி என்ன, ஐந்து வயதில் இங்கே வந்தவள். அம்மாச்சி என்றால் அவளுக்கு வீடியோ காலில் தெரியும் ஒரு நெற்றியும் மேலே சுற்றும் ஃபேனும்தான். அம்மா போனை எப்போதும் அப்படித்தான் பிடிக்கும். எனக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. ஒட்டிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

5

நிலா படங்களை எல்லாம் போட்டோ எடுத்து அண்ணனுக்கு அனுப்பியது எனக்குத் தெரியாது. சமையலறையில் பிள்ளைகள் சாப்பிட வரிசையில் நிற்கிற நேரம் என் போன் அடித்தது. ஊரில் நாலு மணி, அண்ணனுக்குத் தேநீர் இடைவேளை. திரையில் அவன் பெயரைப் பார்த்துவிட்டு, கையுறையைக் கழற்றாமலே எடுத்தேன்.

"ஏத்தா, ஈஸ்வரி."

"அண்ணே."

"பேரு போட எடம் விட்டது சரி. அதுக்குன்னு மூணுல ஒரு பங்கா? டெய்லி காலண்டருக்குத்தான் அம்புட்டு. மாசக் காலண்டருக்குக் கால்வாசி போதும்னு ஒனக்கு எத்தன தடவ சொல்லியிருக்கேன்?"

ஒரு வருடம் கழித்து என் அண்ணன் பேசிய முதல் பேச்சு இது. பின்னால் மெஷின் ஓடுகிற சத்தம். நான் ஒரு கையால் தட்டுகளை அடுக்கிக்கொண்டே இருந்தேன்.

"காலண்டருக்கு வரையலண்ணே. சும்மா வரஞ்சேன்."

"சும்மாவா? அப்ப எதுக்கு எடம் விட்டே?"

"கை தானா விட்டுருச்சு."

"ம்" என்றான். பிறகு, "டிராமு நல்லா வந்திருக்கு. முன்னெல்லாம் நீ போட்ட டிராமு மினிபஸ் மாதிரி இருக்கும்" என்றான். எனக்குச் சிரிக்க வேண்டும் போல இருந்தது. சிரிப்பு எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்கும்போதே அவன் காரியத்துக்கு வந்துவிட்டான்.

எங்கள் பக்கத்தில் வசதிக்குத் தக்கபடி முதல் வருடத் தெவசத்துக்கு ஏதாவது அச்சடித்துக் கொடுப்பார்கள். அச்சகத்துக்காரன் வீட்டில் கேட்க வேண்டுமா? அம்மா படம் போட்டு ஒற்றைத் தாள் காலண்டர் அடித்துச் சொந்தக்காரர்களுக்கும், அம்மாவோடு பட்டாசுக் கம்பெனி வேனில் போய்வந்த பெண்களுக்கும் கொடுக்கப்போகிறான். படம்தான் இல்லை.

"ஆதார் கார்டுல உள்ளதுதான் இருக்கு. அதுல அம்மா மாதிரியா இருக்கு? ஸ்டேசன்ல நிறுத்தி எடுத்த மாதிரி இருக்கு. ஒன் கல்யாண ஆல்பத்துல மொகம் திரும்பியிருக்கு. நீ வரஞ்சு அனுப்பு. மொகம் மட்டும் வேண்டாம். வெடிச் சரம் பின்னிக்கிட்டு உக்காந்திருக்குமே, அது மாதிரி. பத்து நாளைக்குள்ள வேணும், சீசன் ஆர்டருக்கு நடுவுல ஏத்தணும்."

"சரிண்ணே."

"கீழ பேரு வரும். எடம் விட்டுரு."

வைத்துவிட்டான். வரிசையில் நின்ற ஒரு பையன் காலித் தட்டை நீட்டிக்கொண்டிருந்தான். வாங்கி வைத்தேன்.

6

சனிக்கிழமை காலை, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தேன். நல்ல தாள் வாங்கியிருந்தேன், கட்டம் இல்லாதது. முகத்துக்குப் பயந்துகொண்டிருந்தேன். அது நேராக வந்துவிட்டது. தண்டட்டிக் கனம் இழுத்து நீண்ட காது, ஒரு பக்கம் விழுந்த பல்லால் லேசாகக் கோணிய வாய். நிலா வந்து பார்த்துவிட்டு, "அம்மாச்சிக்குத் தாடை இப்படியா இருக்கும்?" என்று கேட்டாள். ஃபேனுக்குக் கீழே உள்ள மிச்ச முகத்தை அவள் அப்போதுதான் பார்க்கிறாள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. தொழில் மாதிரி வரைந்துகொண்டு போனேன். சேலை, மடியில் கட்டு, குத்தவைத்த கால், வெடிகளைத் திரியில் கோக்கும் விரல்கள். கை வரைக்கும் வந்து நின்றுவிட்டேன். அண்ணனுக்குப் போன் அடித்தேன். முதல் மணியிலேயே எடுத்தான்.

"முடிஞ்சுதா?"

"முடியப் போகுது. அண்ணே, ஒண்ணு சொல்லணும்." சொல்லப்போவதில்லை என்றுதான் நினைத்திருந்தேன். "போன வருசம் கேட்டிருந்தா விட்டாலும் விட்டுருப்பாங்க. நான் கேக்கல. பயந்துக்கிட்டுக் கேக்கவே இல்ல."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"மாப்பிள அன்னைக்கே போன் போட்டுச் சொல்லிட்டாரு. எடுத்துச் சொல்லியும் கேக்க மாட்டேங்காளேன்னு. அவரு அழுதாரு. நீ கேட்டு அவுக மாட்டோம்னு சொல்லியிருந்தா நான் ஒன்னையக் கோவிப்பேனா? ஐஸ் பெட்டிய ரெண்டு நாளு வச்சிருந்தேன். ஊரே திட்டுச்சு. நீ ஒரு வார்த்த கேக்கலையேன்னுதான்."

"தப்புத்தாண்ணே."

"தப்புத்தான். சரி, ஆனது ஆச்சு. படத்துல என்ன பாக்கி?"

கண்ணைத் துடைக்கிற அளவுக்கு ஒன்றும் வரவில்லை. பேனாவை மறுபடி எடுத்தேன்.

"கை பாக்கி. அம்மா எடது முன்னங்கையில பச்ச குத்தியிருக்குமே. அது தேளா, கோலமா?"

"கோலம்."

"கோலமா? ஒரு பக்கம் வாலு மாதிரி வளஞ்சு ஏறுமேண்ணே."

"அட ஆமா." யோசித்தான். "தோலு சுருங்கி எல்லாம் கலஞ்சுல போச்சு. சின்னப்புள்ளையில தேளுன்னு சொல்லி நம்மள வெரட்டும். ஆனா புள்ளி இருந்துச்சே. தேளுக்குப் புள்ளி எதுக்கு?"

"சுத்தி நாலு புள்ளி."

"நாலா, அஞ்சா?"

"தெரியலண்ணே. தப்பா வரஞ்சிரக் கூடாதுல்ல. வேன்ல கூட வந்தவுக பாத்தா கண்டுபிடிச்சிருவாக."

"ஆமா, தப்பாப் போட்டா நல்லா இருக்காது. இருத்தா, லைன்லயே இரு. அம்மாட்டயே ஒரு எட்டு போய்க் கேட்டுச் சொல்..."

நாற்காலியை விட்டு அவன் எழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. நானும், சரி கேட்டுட்டு வாண்ணே என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன்.

அவன் திரும்ப உட்கார்ந்த சத்தம் வரவில்லை. நிலா அடுப்படியிலிருந்து ஓடி வந்து, "அம்மா, என்னாச்சு? ஏன் இப்படி அழற?" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். போனில் அண்ணனும் அழுதுகொண்டிருந்தான். இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.